வயல் நீரில் ஒரு தந்தை: பூச்சிகளின் பிள்ளைப் பராமரிப்பு உணர்த்தும் உண்மை

வீட்டுச் சுவரின் மூலையிலோ யன்னற் சட்டத்தின் மறைவிலோ குளவி மண்கூடு கட்டினால் அதனை உடைக்கக் கூடாது என்று சொல்லும் முதியோர் எமது கிராமங்களில் இன்றும் உள்ளனர். அவ்வீட்டில் விரைவில் குழந்தையொன்று பிறக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. குளவியானது எங்கிருந்தோ ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டினுள் அடைத்து, அதனைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போன்றதொரு குளவியாக மாற்றிவிடுகின்றது என்பது இதனோடு சேர்ந்த மற்றொரு நம்பிக்கை. 'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்ற பழமொழியும் இதிலிருந்தே பிறந்தது. சீடனைத் தன்னைப் போலவே ஆக்கும் குருவுக்கு இக்குளவியை உவமையாகக் காட்டுவது எமது ஆன்மிக மரபில் நெடுங்கால வழக்கம்.

உவமை அழகானது. ஆனால் கூட்டினுள் நடப்பது வேறு. குளவி கொண்டுவரும் புழு குளவியாக மாறுவதில்லை. அது குளவியின் குஞ்சுக்கு உணவாகின்றது. தாய்க் குளவி புழுவைக் கொட்டுவது அதனைக் கொல்வதற்காகவும் அன்று. கொன்றால் அது அழுகிவிடும். எனவே அசையமுடியாதபடி முடக்கி, உயிரோடு கூட்டில் வைத்து, முட்டையொன்றை இட்டு, வாயிலை மண்ணால் அடைத்துவிட்டுச் செல்கின்றது. சில குளவி இனங்கள் பச்சைப் புழுக்களையும் வேறு சில இனங்கள் சிலந்திகளையும் இவ்வாறு சேமிக்கின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பி அவற்றை உண்டு வளர்ந்து, பின்னர் குளவியாகி, மண்சுவரைக் கடித்துத் துளையிட்டு வெளியே பறக்கின்றது. பிரான்ஸ் நாட்டு இயற்கையியலாளர் ஜீன் ஹென்றி ஃபாப்ர், 1879 ஆம் ஆண்டு முதல் 1907 ஆம் ஆண்டு வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட தமது நூலில் வேட்டைக் குளவிகளின் இத்தகைய வாழ்க்கையை நுணுக்கமாக விபரித்துள்ளார்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தன் பிள்ளைக்காக வீடு கட்டி, உணவு சேர்த்து, கதவையும் அடைத்துச் செல்லும் அத்தாய், தன் பிள்ளையைக் காண்பதேயில்லை. பராமரிப்பு உண்டு, சந்திப்பு இல்லை. தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் சந்தித்துச் சேர்ந்து வாழத் தொடங்கும் இடத்திலேதான் குடும்பம் என்பது தோன்றுகின்றது. அந்த இடம் மனிதனிடமோ பாலூட்டிகளிடமோ பறவைகளிடமோ மட்டும் உரியது என்று நாம் எண்ணுவோமாயின், அது தவறு.

விஞ்ஞானிகள் இதுவரை பெயரிட்டுள்ள பூச்சியினங்கள் ஏறத்தாழ பத்து இலட்சமாகும். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை முட்டையிட்டதோடு தமது கடமையை முடித்துக்கொள்பவை. தேசி மரத்தின் இளந்தளிரைத் தேடிவந்து முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி, குஞ்சுக்கேற்ற இலையைத் தெரிந்தெடுப்பதன் மூலம் செய்யும் உதவியே அதன் முதலும் முடிவுமான பராமரிப்பாகும். மறுபுறத்தில் எறும்பு, தேனீ, கறையான் ஆகியன ஆயிரக்கணக்கில் கூடி வாழ்கின்றன. இவற்றின் கூட்டு வாழ்வு மனிதனை எப்போதும் கவர்ந்தே வந்துள்ளது. திருக்குர்ஆனில் தேனீயின் பெயராலும் எறும்பின் பெயராலும் அத்தியாயங்கள் அமைந்துள்ளன. தமிழ் மரபிலும் எறும்பு உழைப்புக்கும் ஒழுங்குக்கும் உவமையாகவே நிற்கின்றது.

பல தலைமுறைகள் ஒன்றாக வாழ்தல், பிள்ளை வளர்ப்பில் ஒத்துழைத்தல், இனம் பெருக்குவோர் சிலராகவும் உழைப்போர் பலராகவும் பிரிந்திருத்தல் ஆகிய மூன்று பண்புகளும் ஒருங்கே அமைந்த கூட்டத்தையே விஞ்ஞானிகள் முழுமையான சமூகம் என்கின்றனர். அமெரிக்க அறிஞர் எட்வர்ட் வில்சன் 1971 ஆம் ஆண்டு வெளியிட்ட 'பூச்சிச் சமூகங்கள்' என்ற நூல் இவ்வகைப்பாட்டைப் பரவலாக அறியச் செய்தது. தனித்து வாழும் பூச்சிக்கும் இந்த முழுச் சமூகத்துக்கும் இடையில், தாயோ தந்தையோ இருவருமோ தமது பிள்ளைகளோடு சிலகாலம் சேர்ந்து வாழும் எளிய குடும்பங்கள் உள்ளன. அதிகம் பேசப்படாத இக்குடும்பங்களைப் பற்றியே நாம் இங்கு நோக்குகின்றோம்.

முதலில் 'இயர்விக்' எனப்படும் பூச்சியை எடுத்துக்கொள்வோம். ஈரமான மரப்பட்டையின் கீழும் கற்களின் கீழும் வாழும் இச்சிறு பூச்சியை அதன் வாலிலுள்ள இடுக்கியைக் கொண்டு எளிதில் அடையாளம் காணலாம். மனிதரின் காதுக்குள் புகுந்துவிடும் என்ற வீண் பழியே அதற்கு ஆங்கிலத்தில் அப்பெயரைப் பெற்றுக்கொடுத்தது. ஐரோப்பாவில் வாழும் இனத்தின் தாய், குளிர்காலத்தில் நிலத்தில் வளை தோண்டி ஏறத்தாழ 30 முதல் 60 வரையான முட்டைகளை இடுகின்றது. பின்னர் முட்டை பொரிக்கும்வரை இரை தேடப் போவதில்லை. ஒவ்வொரு முட்டையையும் எடுத்து நக்கித் துப்புரவு செய்கின்றது. இதனைச் செய்யாதுவிடின் பூஞ்சணம் படர்ந்து முட்டைகள் அழிந்துவிடும். 18 ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் சார்ள்ஸ் டி கீர் இத்தகைய தாயொன்றின் முட்டைகளைச் சிதறடித்துப் பார்த்தார். தாய் அவற்றை ஒவ்வொன்றாகக் கௌவி வந்து மீண்டும் ஓரிடத்தில் குவித்து அவற்றின்மேல் அமர்ந்துகொண்டது. முட்டை பொரித்த பின்னரும் சில வாரங்கள் தாய் குஞ்சுகளோடு இருந்து, தான் உண்டதைக் கக்கி ஊட்டுகின்றது. ஜப்பானில் வாழும் இயர்விக் இனமொன்றில் இத்தியாகம் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. அங்கு குஞ்சுகளின் முதல் உணவு தாயின் உடலேயாகும்.

தாய் மட்டுமன்றித் தந்தையும் சேர்ந்து பிள்ளை வளர்க்கும் பூச்சிகளும் உள்ளன. அவற்றுள் பெயர் பெற்றது, வட அரைக்கோளத்தின் குளிர்ப் பிரதேசங்களில் வாழும் பிணம் புதைக்கும் வண்டாகும். 1933 ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஏர்னா புகோவ்ஸ்கி என்ற பெண் ஆய்வாளர் இதன் குடும்ப வாழ்க்கையை விரிவாக எழுதினார். இறந்துபோன எலியையோ சிறு பறவையையோ மணத்தின் மூலம் கண்டறியும் ஆணும் பெண்ணும், போட்டிக்கு வருவோரை விரட்டிவிட்டு, அப்பிணத்தின் கீழுள்ள மண்ணைத் தோண்டித் தோண்டி அதனை நிலத்துள் இறக்குகின்றன. பின் அதன் உரோமத்தையோ இறகையோ களைந்து உருண்டையாக்கி, பக்டீரியாவையும் பூஞ்சணத்தையும் அடக்கும் தமது உடற்சுரப்பைப் பூசுகின்றன. அருகிலுள்ள மண்ணில் இட்ட முட்டைகளிலிருந்து குடம்பிகள் ஊர்ந்து வந்து சேர்ந்ததும், பறவைக் குஞ்சுகளைப் போலவே தலையை உயர்த்தி, பெற்றோரின் வாயைக் கால்களால் தொட்டு உணவு கேட்கின்றன. பெற்றோரும் மென்று கக்கி ஊட்டுகின்றன. துணைகளுள் ஒன்று இல்லாமற் போனால் மற்றது அதன் பங்கையும் சேர்த்துச் செய்ய முயல்கின்றது.

ஆனால் இதே பெற்றோரிடம் இன்னொரு முகமும் உண்டு. கிடைத்த பிணம் சிறிதாகவும் குடம்பிகள் அதிகமாகவும் இருந்தால், ஊட்டிய அதே வாயால் சில குடம்பிகளை அவை தின்றுவிடுகின்றன. எஞ்சியவற்றுக்காவது உணவு போதுமாக இருக்கவேண்டும் என்பதே இதன் விளைவு. ஆகவே பூச்சிகளிடமிருந்து நேரடியாக ஒழுக்கப் பாடம் தேட முற்படுவோர் சற்று நிதானிக்க வேண்டியுள்ளது. தாய்மையின் மேன்மைக்கு இயர்விக்கைச் சான்று காட்டினால், அதற்கு மாறான சான்றாகப் பிணம் புதைக்கும் வண்டு வந்து நிற்கும். அவற்றின் செயல்கள் அறமுமல்ல, மறமுமல்ல.

அவ்வாறாயின் இப்பராமரிப்பு எதற்காக? பராமரிப்பு என்பது செலவு மிக்கது. முட்டையைக் காத்திருக்கும் தாய் அக்காலத்தில் வேறு முட்டைகளை இடமுடியாது. தானும் இரையாகும் ஆபத்தில் இருக்கின்றது. எனவே, காவாமல் விட்டால் பிள்ளைகள் பெரும்பாலும் அழிந்துவிடும் என்ற சூழ்நிலை அமைந்த இடங்களிலேயே பராமரிப்புத் தோன்றியிருக்கின்றது. பூஞ்சணம் நிறைந்த ஈரமண், எல்லோரும் போட்டியிடும் பிணம், எதிரிகள் சூழ்ந்த நீர்நிலை என்பன அத்தகைய சூழ்நிலைகளாகும். பூச்சியினங்களின் வரலாற்றில் இது ஒருமுறையன்றிப் பலமுறை, ஒன்றோடொன்று தொடர்பற்ற இனங்களில் தனித்தனியே தோன்றியுள்ளது. 1964 ஆம் ஆண்டு பிரித்தானிய அறிஞர் வில்லியம் ஹமில்டன் இதற்கொரு கணக்கையும் வகுத்தளித்தார். உதவி பெறுவோருக்குக் கிடைக்கும் நன்மையை உறவின் நெருக்கத்தால் பெருக்கும்போது வரும் அளவு, உதவுவோருக்கு ஏற்படும் இழப்பை விஞ்சுமாயின், அவ்வுதவும் குணம் தலைமுறைகள் தோறும் நிலைத்துப் பெருகும் என்பதே அது.

எளிய குடும்பம் எவ்வாறு பெருஞ் சமூகமாகின்றது என்பதற்கு நாம் மிகவும் வெறுக்கும் பூச்சியொன்றே விடை தருகின்றது. எமது சமையலறைகளில் காணப்படும் சிறிய கரப்பான் இனமொன்று, தன் முட்டைகளை உறையொன்றில் இட்டு, அவை பொரிக்கும் தறுவாய்வரை வயிற்றின் பின்முனையில் சுமந்து திரிவதைப் பலர் கண்டிருப்பர். வட அமெரிக்காவிலும் கிழக்காசியாவிலும் உக்கிய மரங்களினுள் வாழும் அதன் உறவினமான மரக்கரப்பான் இதனிலும் பன்மடங்கு மேலே செல்கின்றது. அங்கு தாயும் தந்தையும் ஒரே மரத்துள் தமது பிள்ளைகளுடன் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்கின்றன. மரத்தைச் சீரணிக்க உதவும் நுண்ணுயிர்கள் பிள்ளைகளின் குடலில் பிறப்பில் இருப்பதில்லை. பெற்றோரின் உடற்கழிவிலிருந்தே அவை பெறப்படவேண்டும். பெற்றோர் இல்லையேல் பிள்ளை உணவின் நடுவே பட்டினி கிடக்கும். இவ்வாறு உணவே உறவைக் கட்டாயமாக்கியது.

2007 ஆம் ஆண்டு இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. கறையான் தனியொரு வரிசையைச் சேர்ந்த பூச்சியன்று. அது கூட்டாக வாழக் கற்றுக்கொண்ட கரப்பானே என்றும், அதன் மிக நெருங்கிய உறவு இந்த மரக்கரப்பானே என்றும் அவர்கள் நிறுவினர். எமது காணிகளில் எழுந்து நிற்கும் புற்றுகளும், எமது கூரைகளைத் தின்று தீர்க்கும் பெருங்கூட்டமும், உக்கிய மரமொன்றுக்குள் பிள்ளைகளோடு ஒதுங்கிய ஒரு தாய் தந்தையிலிருந்தே தொடங்கியிருக்கவேண்டும் என்பதே இதன் பொருளாகும்.

இத்தனையும் தூரதேசத்துச் செய்திகள் என்று கருதுவோர் எமது வயல்களுக்கு வந்து பார்க்கலாம். இலங்கை உட்பட ஆசிய நாடுகளின் வயல் நீரிலும் குளங்களிலும் தட்டையான, கபில நிறமான நீர்ப்பூச்சியொன்று வாழ்கின்றது. சில வேளைகளில் அதன் முதுகு முழுவதும் முட்டைகள் அடுக்கி ஒட்டப்பட்டிருக்கும். இத்தகைய முட்டை சுமக்கும் நீர்ப்பூச்சிகளை முதலில் ஆராய்ந்தோர் சுமப்பது தாயென்றே எண்ணினர். 1899 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரன்ஸ் ஸ்லேட்டர் என்ற பெண் ஆய்வாளர், அந்நாட்டு இனமொன்றில் முட்டை சுமந்தவற்றை அறுத்துச் சோதித்தபோது அவை அனைத்தும் ஆண்கள் எனக் கண்டார். பெண் தன் முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிட்டுச் செல்ல, குஞ்சு பொரிக்கும்வரை அவற்றைச் சுமப்பவன் தந்தையே. முட்டைகள் நீரில் முழுதாக மூழ்கிக் கிடந்தாலும் அழியும், உலர்ந்தாலும் அழியும். ஆகவே அவன் நீர்மட்டத்துக்கு வந்து முதுகை வெளியே காட்டியும், நீருக்குள் உடலை ஏற்றி இறக்கியும் அவற்றுக்குக் காற்றூட்டுகின்றான். சிறகுகள் முட்டைகளின் கீழ் அகப்பட்டிருப்பதால் பறந்து தப்பவும் முடியாது. சுமையால் நீந்தும் வேகமும் குறைகின்றது. இதே பூச்சி நுளம்புக் குடம்பிகளை உண்டு எமக்கு உதவுவதும் குறிப்பிடத்தக்கது.

அவ்வயலிலேயே இன்னொரு தாயும் உண்டு. பூச்சியினத்தைச் சேராத, எட்டுக்கால் கொண்ட ஓநாய்ச் சிலந்தி அது. முட்டைப் பையை உடலின் பின்முனையில் கட்டிச் சுமந்து, பொரித்த குஞ்சுகளைப் பின்னர் முதுகில் ஏற்றித் திரியும் இச்சிலந்தி, நெற்பயிரை எரித்தது போலாக்கும் கபிலநிறத் தத்தியைத் தின்று அழிக்கும் முக்கிய எதிரிகளுள் ஒன்றாகும்.

இங்கேதான் இவ்விடயம் வெறும் வியப்புக்குரியதாக இல்லாமல் எமது விவசாயிகளின் வாழ்வோடு தொடர்புபடுகின்றது. தத்தி முட்டைகளைப் பயிரின் தண்டுக்குள் நூற்றுக்கணக்கில் இட்டுவிட்டுச் செல்வது, பிள்ளையைக் காப்பதில்லை, விரைவாகப் பெருகுவது. அதனை உண்ணும் சிலந்தியோ பிள்ளையைச் சுமந்து திரிவது. நாம் மருந்தடிக்கும்போது இரண்டும் மடிகின்றன. ஒரு தாய்ச் சிலந்தி இறந்தால் அதன் முதுகிலுள்ள குஞ்சுகளும் சேர்ந்தே அழிகின்றன. தண்டினுள் மறைந்திருக்கும் தத்தியின் முட்டைகளோ தப்பிவிடுகின்றன. சில வாரங்களில் தத்தி எதிரியற்ற வயலுக்குத் திரும்பி வருகின்றது. அதற்கு மீண்டும் மருந்தடிக்கின்றோம்.

இது ஊகமன்று, ஒரு நாடு கண்டறிந்த உண்மை. இந்தோனேசியாவில் மானிய விலையில் பூச்சிகொல்லி வழங்கப்பட்ட காலத்தில் கபிலநிறத் தத்தியின் தாக்கம் குறைவதற்குப் பதிலாகப் பெருகியது. 1986 ஆம் ஆண்டு அந்நாட்டு அரசாங்கம் 57 வகைப் பூச்சிகொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்து, பூச்சிகளை அடையாளம் காண விவசாயிகளுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கியது. பூச்சிகொல்லிப் பாவனை குறைந்தது. நெல் உற்பத்தி வீழ்ச்சியடையவில்லை. 1990களில் இலங்கையிலும் 'உழவர் வயற் பாடசாலை' என்ற பெயரில் இத்தகைய பயிற்சிகள் நடத்தப்பட்டன. அதற்கு நேர்மாறாக, 2021 ஆம் ஆண்டு இரசாயன உரத்தினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி எவ்வித ஆயத்தமுமின்றி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு, விவசாயிகள் வீதிக்கு இறங்கியதன் பின்னர் அதே ஆண்டிலேயே அத்தடை தளர்த்தப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. கண்மூடித்தனமாக அடிப்பதும், கண்மூடித்தனமாகத் தடுப்பதும் வயலைப் பார்க்காமல் எடுக்கப்படும் முடிவுகளேயாகும்.

இறுதியாக ஒன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். ஜேர்மனியின் மைன்ஸ் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015 ஆம் ஆண்டு இயர்விக் குஞ்சுகள் பற்றி வெளியிட்ட ஆய்வொன்று சிந்திக்கத்தக்கது. பொரித்தபின் தாயை இழந்த குஞ்சுகள் பிழைத்தன; வளர்ந்தன; தாயோடு வளர்ந்தவற்றைவிடச் சற்றுப் பெரிதாகவும் ஆகின. பராமரிப்பு அவசியமற்றது என்றே முதலில் தோன்றும். ஆனால் அவை தாமே தாயானபோது, தமது குஞ்சுகளுக்கான பராமரிப்பில் குறை காணப்பட்டது. இழப்பின் விலை அடுத்த தலைமுறையிலேயே வெளிப்பட்டது.

இதனை மனிதருக்குப் பொருத்திப் பார்ப்பது நியாயமாகாது. போரிலும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் பெற்றோரை இழந்து, பேரன் பேத்திகளைத் தூக்கிச் சுமந்த அம்மம்மாக்களாலும் அயலவராலும் வளர்க்கப்பட்ட எத்தனையோ பிள்ளைகள், இன்று நல்ல தாய் தந்தையராக வாழ்வதை நாம் கண்டுகொண்டிருக்கின்றோம். ஒரு பூச்சிக்குத் தன் தாய் மட்டுமே உண்டு; மனிதப் பிள்ளைக்கு ஓர் ஊரே தாயாக முடியும். இதுவே எமக்கும் அவற்றுக்குமிடையிலான வேறுபாடு. இந்த வேறுபாட்டை நாம் பேணுகின்றோமா என்பது எம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி.

பூச்சிகளைப் பொறுத்தவரை எம்மிடம் எதிர்பார்க்கப்படுவது பெரிதொன்றுமில்லை. யன்னலோரத்து மண்கூட்டை உடைக்குமுன் சற்று யோசித்தாற் போதும். தெளிகருவியைத் தோளில் ஏற்றுமுன் வரம்பில் குந்தியிருந்து பயிரின் அடியையும் நீரையும் உற்றுப் பார்த்தாற் போதும். முட்டைகளை முதுகில் சுமந்தபடி ஒரு தந்தையும், குஞ்சுகளைச் சுமந்தபடி ஒரு தாயும் அங்கே இருக்கக்கூடும். அவர்கள் எமது பயிருக்குப் பகைவர்கள் அல்லர் என்பதை அறிந்துகொண்டால், பிறந்தவுடனேயே கைவிடப்பட்டும் பெருகும் தத்தியை எதிர்க்க வயலுக்குள்ளேயே எமக்குத் துணையுண்டு என்பது விளங்கும்.